ஜாதகமா, நாடியா? மென்பொருள் சொல்லும் பதிப்பெண்ணைப் படிப்பது எப்படி

'தென்னை' என்ற சொல்லை ஒரு படத்தின்மேல் எழுத வேண்டும். பைத்தானும் அதன் படவேலை லைப்ரரியான பில்லோவும் தெரிந்தவருக்கு இது ஐந்து வரி வேலை. உங்கள் கணினியில் சொல் ஒழுங்காக விழுகிறது. அதே நிரலையும் அதே எழுத்துருவையும் நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவருடைய படத்தில், தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. னகரத்துக்கு முன் வர வேண்டிய ஐகாரக் குறியும் அப்படியே. 'பில்லோ எந்தப் பதிப்பு?' என்று கேட்கிறீர்கள். இருவரிடமும் ஒரே எண்.

எண் பொய் சொல்லவில்லை, கேள்விதான் போதவில்லை. குறிகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையைப் பில்லோ தானே செய்வதில்லை. அதை ராக்ம் என்ற லைப்ரரியிடம் விடுகிறது. ராக்முக்கு ஃப்ரிபிடி என்ற இன்னொரு லைப்ரரி துணை வேண்டும். 8.2 பதிப்பிலிருந்து, பைத்தானின் நிறுவியான பிப் வழியாக இறங்கும் பில்லோவில் ராக்ம் உள்ளேயே கட்டப்பட்டு வருகிறது. ஃப்ரிபிடியை மட்டும் நிரல் ஓடும் நேரத்தில், அந்தந்தக் கணினியில் தேடிக்கொள்கிறது. கிடைத்தால் தமிழ் சரியாக வரும். கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை புகார் சொல்லாமல் எளிய அடுக்கலுக்கு இறங்கிவிடும். வசதியைக் கட்டும்போதே சேர்த்திருந்தார்கள். ஓடும்போதுதான் அது இல்லை.

மென்பொருள் பழுதுபார்ப்பவர்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் ஒரு கேள்வியின் சிறிய வடிவம் இது. 'எந்தப் பதிப்பு' என்று கேட்டால், கட்டிய அன்று இருந்ததைச் சொல்வதா, இப்போது ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்வதா? பெயர்பெற்ற மென்பொருள்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றன, அவை எங்கே சறுக்குகின்றன என்பதை ஒரு சுற்றுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன

சி மொழியில் எழுதிய மென்பொருளைக் கட்டும்போது, அது நம்பியிருக்கும் லைப்ரரியின் தலைப்புக் கோப்பைக் கம்பைலர் படிக்கிறது. அந்தக் கோப்பில் லைப்ரரியின் பதிப்பெண் ஒரு மாறிலியாக எழுதியிருக்கும். நிரலர் அந்த மாறிலியைத் தன் நிரலில் பயன்படுத்தினால், கட்டிய நாளின் எண் மென்பொருளுக்குள் கல்வெட்டுப்போலப் பதிந்துவிடும். அதன் பிறகு லைப்ரரி எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது.

லைப்ரரியின் செயல் நிரலோ தனிக் கோப்பில் இருக்கிறது. லினக்ஸில் அதைப் பகிர்வு லைப்ரரி என்பார்கள், விண்டோஸில் டிஎல்எல். மென்பொருளைத் தொடங்கும்போதுதான் இயங்குதளம் அந்தக் கோப்பைத் தேடி இணைக்கிறது. ஆகவே லைப்ரரிக்குள்ளேயே இருக்கும் ஒரு செயற்கூறை அழைத்து 'நீ யார்?' என்று கேட்டால், இப்போது இணைந்திருக்கும் லைப்ரரியின் எண் வரும்.

முதலாவது ஜாதகம், இரண்டாவது நாடி. பிறந்த நேரத்தில் கிரகங்கள் நின்ற இடத்தை ஜாதகம் சொல்லும். இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நாடியைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் வேறுபடுவது பழுது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறுபட முடிய வேண்டும் என்பதற்காகத்தான் பகிர்வு லைப்ரரி என்ற ஏற்பாடே வந்தது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க ஒரு கோப்பை மாற்றினால், அதை நம்பியிருக்கும் நூறு மென்பொருள்களுக்கும் திருத்தம் போய்ச் சேரும். நூறையும் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

நாடி மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. தரவு அமைப்புகளின் அளவு என்ன, எந்த வசதிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதெல்லாம் கட்டும்போது படித்த தலைப்புக் கோப்பில் முடிவாகிவிடுகின்றன. லைப்ரரி புதியதாக இருந்தும் புது வசதி வேலை செய்யவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் ஜாதகத்தில் இருக்கும்.

இதன் மறுபக்கத்தைப் பொறியியல் மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். உபுண்டு 22.04-இல் கட்டிய சி நிரலை உபுண்டு 20.04 ஓடும் சர்வரில் போட்டால், 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். லினக்ஸின் சி லைப்ரரிதான் ஜிலிப்சி. 'வணக்கம்' என்று மட்டும் அச்சிடும் நிரலுக்கும் இதே கதிதான். 2021 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.34-இல், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே புதிய பதிப்புக் குறி கொடுத்தார்கள். முதலாவது கணினியில் இருப்பது 2.35, இரண்டாவதில் 2.31. பழையதில் கட்டிப் புதியதில் ஓட்டலாம். புதியதில் கட்டிப் பழையதில் ஓட்ட முடியாது. ஜிலிப்சி இதை நேரடியாகச் சொல்லி நிறுத்துகிறது. எல்லா லைப்ரரியும் இவ்வளவு நாணயமாக நடந்துகொள்வதில்லை.

இரண்டையும் சொல்பவர்கள்

இந்த வரிசையில் முதலிடம் எஃப்எஃப்எம்பெக்குக்குத்தான் தரவேண்டும். ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் இந்தக் கருவியிடம் பதிப்பைக் கேட்டால், அதன் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வரி வரும்: 'லிப்ஏவிகோடெக் 58.134.100 / 58.134.100'. சாய்கோட்டுக்கு இடப்பக்கம் கட்டிய எண், வலப்பக்கம் ஓடும் எண். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் 'இதை ஏன் இரண்டு முறை அச்சிடுகிறார்கள்?' என்று புதியவர் குழம்புவார். வேறுபடும் நாளில் அந்தச் சாய்கோடு அரை நாள் தேடலை மிச்சப்படுத்திவிடும். எண்கள் ஒத்துப்போயும் லைப்ரரிகளை வேறு வேறு தெரிவுகளோடு கட்டியிருந்தால், 'கட்டமைப்பு பொருந்தவில்லை' என்று தனியாக எச்சரிக்கும்.

வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் சிக்கனக்காரர். மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் 'இந்த ஓப்பன்எஸ்எஸ்எல்-உடன் கட்டியது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். வேறுபட்டால் மட்டும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'இதனுடன் ஓடுகிறது' என்று சேர்க்கும். எச்ஏபிராக்ஸி இரண்டையும் தனித்தனி வரியில் எப்போதும் சொல்லும். அப்பாச்சி 'ஏற்றியிருப்பவை', 'கட்டப் பயன்பட்டவை' என்று பிரிக்கும். வலைப்போக்குவரத்தை அலசும் வயர்ஷார்க் இரண்டு முழுப் பத்திகளே எழுதும்: எந்தக் கம்பைலர், எந்தெந்த லைப்ரரியுடன் கட்டியது என்று ஒன்று, எந்த இயங்குதளத்தில், எந்தெந்த லைப்ரரியுடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இன்னொன்று.

பிஎச்பி-யின் தகவல் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அங்கேயும் இரண்டு எண்களும் உண்டு. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் பகுதியில் அவற்றின் பெயர் 'லைப்ரரி', 'ஹெடர்'. இசட்லிப் பகுதியில் 'கம்பைல்டு', 'லிங்க்டு'. எக்ஸ்எம்எல் பகுதியில் 'கம்பைல்டு', 'லோடட்'. ஒரே பக்கத்தில் ஒரே விஷயத்துக்கு மூன்று ஜோடிப் பெயர்கள். 'லிங்க்டு' என்றால் கட்டும்போது இணைத்ததா, ஓடும்போது இணைந்ததா? உள்ளே எழுதியவருக்கு விடை தெரியும். நள்ளிரவில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பில்லோ இந்த விஷயத்தில் கவனமாக நடந்துகொள்கிறது. அதன் அறிக்கையில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு எண்தான் வரும். ஆனால் எண்ணுக்கு முன்னால் 'ஏற்றியது' என்றோ 'இதற்காகக் கட்டியது' என்றோ ஒரு சொல் இருக்கும். ஓடும் எண்ணைக் கேட்டுப்பெற வழி இருந்தால் அதைத் தருகிறது. வழி இல்லையென்றால் கட்டிய எண்ணைத் தந்து, அது கட்டிய எண்தான் என்று ஒப்புக்கொள்கிறது. நம் 'தென்னை'ச் சிக்கலும் அந்த அறிக்கையில் ராக்ம் வரியைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கலந்து சொல்பவர்கள்

2020-இல் வந்த 2.27 பதிப்பிலிருந்து, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் பிழைப் புகார் எழுத உதவும் கட்டளை ஒன்று இருக்கிறது. அது தானாக நிரப்பும் படிவத்தில் கம்பைலர் விவரம் ஒரு வரியும் சி லைப்ரரி விவரம் அடுத்த வரியுமாக வரும். கம்பைலர் எண் கட்டும்போது பதிந்தது. அது வேறு மாதிரி இருக்கவும் முடியாது. அதை அடுத்து வரும் ஜிலிப்சி எண்ணோ, ஓடும் நேரத்தில் ஜிலிப்சியிடமே கேட்டு வாங்கியது. அடுத்தடுத்த இரண்டு வரிகள் இரண்டு வேறு காலத்தைச் சேர்ந்தவை. படிவத்தில் அதற்கான குறிப்பு இல்லை.

கிட்டின் அண்மைப் பதிப்புகள், கட்டுமான விவரத்தைக் கேட்டால் கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப் எண்களையும் காட்டுகின்றன. இவை கட்டியபோது இருந்த எண்கள். 'ஓடும் எண்ணைத்தானே காட்ட வேண்டும்?' என்று கேட்கத் தோன்றும். அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கிட்டின் முதன்மை நிரல் கர்ல் லைப்ரரியோடு இணைவதே இல்லை. வலைவழித் தொடர்புக்கென்று தனியாக ஒரு துணை நிரல் உண்டு. கர்லை ஏற்றிக்கொள்வது அதுதான். பதிப்பெண் ஒன்றை அச்சிடுவதற்காக முதன்மை நிரலையும் கர்லோடு இணைத்தால், எல்லாக் கட்டளையும் தொடங்கும்போது அந்தச் சுமையைத் தூக்க வேண்டிவரும். சரியான விடை துணை நிரலிடம் இருக்கிறது, கேள்வி முதன்மை நிரலிடம் போகிறது. யாரிடம் கேட்கிறோம் என்பதும் எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே முக்கியம்.

செயற்கை நுண்ணறிவு லைப்ரரியான பைடார்ச்சில் இதைவிட நுட்பமான ஒரு சறுக்கல் இருக்கிறது. அதன் சூழல் அறிக்கையில் 'பைடார்ச்சைக் கட்டப் பயன்பட்ட கூடா' என்று ஒரு வரியும் 'கூடா ரன்டைம் பதிப்பு' என்று இன்னொரு வரியும் உண்டு. கூடா என்பது என்விடியா வரைகலைச் செயலிகளில் நிரல் ஓட்டும் தளம். பெயர்களைப் பார்த்தால் ஜாதகமும் நாடியும் பிரித்து வைத்ததுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது எண், அந்தக் கணினியில் நிறுவியிருக்கும் கூடா கம்பைலரிடம் கேட்டு எடுத்தது. பைடார்ச் பொதுவாகத் தனக்கு வேண்டிய கூடா ரன்டைமைத் தன்னோடேயே கொண்டுவருவதால், அந்தக் கம்பைலர் எண்ணுக்கும் ஓடும் நிரலுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இதற்கு மேல் என்விடியாவின் நிலைக் கருவி தன் தலைப்பில் இன்னொரு கூடா எண்ணைக் காட்டும். அது டிரைவர் தாங்கக்கூடிய மேல் எல்லை. நிறுவியிருக்கும் பதிப்பு அல்ல. மூன்று எண்கள், மூன்று பொருள்கள், மூன்றுக்கும் பெயர் 'கூடா பதிப்பு'. செயற்கை நுண்ணறிவு படிக்க வரும் மாணவர் முதல் வாரத்தில் தொலைக்கும் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது.

ஓட மறுப்பவர்கள்

சில லைப்ரரிகள் சொல்வதோடு நிற்காமல், எண் பொருந்தாவிட்டால் வேலையையே நிறுத்திவிடும்.

1995-இல் வந்த சுருக்க லைப்ரரியான இசட்லிப் இதில் முன்னோடி. மென்பொருள் அதைத் தொடங்க அழைக்கும்போது, தலைப்புக் கோப்பில் இருந்த பதிப்பெண்ணும் ஒரு தரவு அமைப்பின் அளவும் நிரலருக்கே தெரியாமல் கூடப் போகும். லைப்ரரி அந்த எண்ணின் முதல் எழுத்தை மட்டும் தன்னுடையதோடு ஒப்பிடும். '1.2.11' கட்டியது, '1.3' ஓடுகிறது என்றால் இரண்டுக்கும் முதல் எழுத்து 1, போகலாம். ஒரு நாள் 2 வந்தால்தான் தகராறு. ஒரே ஒரு எழுத்தும் ஒரு அளவும் சேர்ந்த இந்தக் காவல் சின்னதுதான். ஆனால் எது மாறினால் உண்மையில் ஆபத்து என்பதை யோசித்து வைத்த காவல். லிப்பிஎன்ஜி இதையே இன்னும் கறாராகச் செய்கிறது: முதல் இரண்டு பகுதிகளும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 'இந்தப் பதிப்போடு கட்டியது, ஆனால் அந்தப் பதிப்போடு ஓடுகிறது' என்று எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். அந்த ஒரு வாக்கியத்தில் பழுதுபார்ப்பவருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

அறிவியல் தரவுகளைச் சேமிக்கும் எச்டிஎஃப்5 இன்னும் கடுமை. எண் பொருந்தாவிட்டால் நீண்ட எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டு நிரலை நிறுத்திவிடும். தவறான லைப்ரரியோடு எழுதிய தரவு பாழாவதைவிட நிற்பது மேல் என்பது அதன் கணக்கு. காவலைத் தளர்த்த ஒரு சூழல் மாறியும் வைத்திருக்கிறார்கள்.

ஓப்பன்எஸ்எஸ்எச்-இன் அனுபவம் இந்தக் கடுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டென்று காட்டுகிறது. தொலைவில் இருக்கும் சர்வரில் நுழைய உதவும் அதன் சேவை, தொடங்கும்போதே தான் கட்டப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணையும் இப்போது ஏறியிருப்பதையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் 'கட்டியது 30000070, உங்களிடம் இருப்பது 30200010' என்பது போன்ற ஒரு வரியோடு நின்றுவிடும். பதினாறடிமான எண்ணான இதைப் பிரித்துப் படிக்கலாம்: முதல் இலக்கம் முதன்மைப் பதிப்பு, அடுத்த இரண்டு துணைப் பதிப்பு, ஆறாவதும் ஏழாவதும் திருத்த எண். முதலாவது 3.0.7; இரண்டாவது 3.2.1. லைப்ரரியை மட்டும் புதுப்பித்து, சேவையை அதற்கேற்பப் புதுப்பிக்காமல் விட்ட சர்வரில் இந்த வரி வந்தால், நிர்வாகி தன் சர்வருக்கு வெளியே நிற்பார். உள்ளே போகும் கதவே அந்தச் சேவைதான். பின்னர் விதியைத் தளர்த்திவிட்டார்கள்: 3-ஆம் வரிசையில் முதன்மை எண் ஒத்திருந்தால் போதும்.

தரவு பாழாகும் இடத்தில் நிறுத்துவது நியாயம். கதவைப் பூட்டிவிடும் இடத்தில் எச்சரித்துவிட்டு ஓடுவதே நியாயம். இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டியது ஒன்று: நிறுத்தினாலும் ஓடினாலும் இரண்டு எண்களும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

நாடியும் ஏமாற்றும்

ஓடும் எண்ணை லைப்ரரியிடமே கேட்டு வாங்கிவிட்டோம். இனி நிம்மதி என்று நினைக்க முடியாது. நான்கு இடங்களில் அதுவும் தவறவிடும்.

முதலாவது, எண் மாறாமல் உள்ளே மாறுவது. 2014 ஏப்ரல் 7 அன்று 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஆபத்து, 1.0.1ஜி பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். லினக்ஸ் வெளியீடான டெபியன் தன் நிலையான பதிப்பில் இருந்த 1.0.1இ-யை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைத்து வெளியிட்டது. ஆகவே திருத்தம் வந்த சர்வரும் வராத சர்வரும் 1.0.1இ என்றே சொல்லின. அப்போது நிர்வாகிகளுக்குக் கைகொடுத்தது, விரிவான பதிப்பு அறிக்கையில் இருந்த 'கட்டிய தேதி'. நாடி கைவிட்ட இடத்தில் ஜாதகம் காப்பாற்றிய சம்பவம் இது. தரவுத்தள லைப்ரரியான எஸ்கியூலைட் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பதிப்பெண்ணோடு, மூல நிரலின் தேதியும் அதன் கைரேகை போன்ற நீண்ட எண்ணும் சேர்ந்த ஒரு அடையாளத்தை அது தலைப்புக் கோப்பிலும் லைப்ரரியிலும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும்படி அதன் ஆவணமே சொல்கிறது.

இரண்டாவது, யாருடைய ஓட்டம் என்பது. லினக்ஸில் லைப்ரரியைப் புதுப்பித்தால் வட்டில் புதிய கோப்பு வந்துவிடும். ஏற்கெனவே ஓடும் சேவை, நீக்கப்பட்ட பழைய கோப்பையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று மாதமாக நிறுத்தாமல் ஓடும் வலைச் சர்வரைப் பற்றி அறிய, திரையில் ஒரு புதிய கட்டளையைத் தட்டி ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணைக் கேட்டால், அந்தப் புதிய கட்டளையின் நாடிதான் தெரியும். ஓடும் சேவையின் நினைவக வரைபடத்தைத் திறந்தால், பழைய லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்ற சொல் நிற்கும். டெபியனின் 'நீட்ரீஸ்டார்ட்' போன்ற கருவிகள் இப்படிப்பட்ட சேவைகளைத் தேடிக் கண்டுபிடித்து, மறுதொடக்கம் செய்யச் சொல்கின்றன.

மூன்றாவது, நாம் கேட்காத லைப்ரரி. 2024 மார்ச் 29 அன்று, கோப்புச் சுருக்கக் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று துருவப்போய்க் கண்டது அது. எக்ஸ்இசட் கருவி தன் எண்ணையும் தன் லைப்ரரியின் எண்ணையும் தனித்தனி வரியில் நேர்மையாகவே சொல்லும். ஆனால் ஆபத்து இருந்தது எஸ்எஸ்எச் சேவையில். அதன் மூல நிரல் அந்த லைப்ரரியைத் தொடுவதே இல்லை. சில லினக்ஸ் வெளியீடுகள் அதை சிஸ்டம்டி லைப்ரரியோடு இணைத்திருந்தன. அது எக்ஸ்இசட் லைப்ரரியைக் கூடவே இழுத்து வந்தது. எஸ்எஸ்எச்-இன் பதிப்பு வரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் பெயர் உண்டு, இதற்கு இடமில்லை. விருந்தாளியோடு வந்த விருந்தாளியை வருகைப் பதிவேட்டில் எழுதாதது போன்ற நிலை.

நான்காவது, உள்ளேயே புதைந்த லைப்ரரி. கோ மொழி நிரல்கள் பொதுவாகத் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கோப்புக்குள் கட்டிக்கொள்கின்றன. அங்கே கட்டிய எண்ணும் ஓடும் எண்ணும் எப்போதும் ஒன்றுதான். குழப்பம் தீர்ந்தது, ஆனால் லைப்ரரியில் வந்த திருத்தம், மறுபடி கட்டும்வரை வந்து சேராது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கோ அந்தக் கோப்பிலேயே பதித்து வைப்பதால் கேட்டுப் பார்க்கவாவது முடிகிறது. ஜாவா உலகுக்கு அந்த வசதி இல்லாதது 2021 டிசம்பரில் உறைத்தது. பதிவேடு எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயின் ஓட்டை வெளிவந்தபோது, ஜார் கோப்புக்குள் ஜார் கோப்பாகப் புதைந்திருந்த அந்த லைப்ரரியைத் தோண்டித் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது காலம்

கட்டிய காலம், ஓடும் காலம் என்ற இரண்டோடு கணக்கு முடிந்தது என்று பலரும் நினைத்திருந்தபோது போஸ்ட்கிரெஸ் பயனர்களுக்கு ஒரு அதிர்ச்சி வந்தது. சொற்களை அகரவரிசைப்படுத்த அந்தத் தரவுத்தளம் பொதுவாக இயங்குதளத்தின் ஜிலிப்சியை நம்புகிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28, வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களின் தரவுத்தளத்தில், பழைய வரிசைப்படி அடுக்கிய குறியீட்டு அட்டவணையைப் புதிய விதிப்படி தேட ஆரம்பித்தது நிரல். இருக்கும் பதிவு 'இல்லை' என்று வந்தது; ஒன்றுதான் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைப் பதிவுகள் நுழைந்தன.

இங்கே முக்கியமான எண், மென்பொருளைக் கட்டியபோது இருந்ததும் அல்ல, இப்போது ஓடுவதும் அல்ல. தரவை எழுதியபோது இருந்தது. போஸ்ட்கிரெஸ் படிப்படியாக அந்த எண்ணைத் தரவுத்தளத்துக்குள்ளேயே குறித்துவைக்கத் தொடங்கியது. இப்போது 'இந்தத் தரவுத்தளம் 2.31 வரிசைப் பதிப்போடு உருவானது, இயங்குதளம் தருவது 2.36' என்ற பாணியில் எச்சரிக்கிறது. நீண்ட நாள் தரவைச் சுமக்கும் மென்பொருளுக்கு மூன்று எண்கள் தேவை.

மறுப்புகள்

இத்தனை எண்களை அச்சிடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. பதிப்பெண் தெரிந்தால் தாக்குபவருக்கு வசதி என்பது முதலாவது. இது வெளியாருக்குச் சொல்வதையும் உரிமையாளருக்குச் சொல்வதையும் ஒன்றாகக் குழப்புகிறது. அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் வலையில் வருவோருக்கு எண்ணை மறைக்கும் அமைப்பைத் தருகின்றன. சர்வரில் அமர்ந்து கேட்பவருக்கு எல்லாவற்றையும் சொல்கின்றன. அதுதான் முறை.

கட்டிய தேதியைப் பதித்தால், ஒரே மூலத்தை இரண்டு முறை கட்டினால் ஒரே கோப்பு வராது என்பது இரண்டாவது. மறுபடி கட்டிச் சரிபார்க்கும் இயக்கத்தினரின் இந்தக் கவலை நியாயமானது. தேதிக்குப் பதில் மூல நிரலின் அடையாளத்தைப் பதித்தால் இரண்டு பக்கமும் நிறைவடையும். எஸ்கியூலைட் காட்டும் வழி அதுதான். கோ மொழியும் 2022-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து இதையே செய்கிறது.

மூன்றாவது, செலவு. கிட்டின் கர்ல் சங்கடத்தில் பார்த்ததுபோல, சில வேளை ஓடும் எண்ணைக் கேட்பதே சுமை. அப்போது கட்டிய எண்ணைத் தருவதில் தவறில்லை. அதற்கு 'கட்டியது' என்று பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

தீர்ப்பு

இத்தனையையும் பார்த்த பிறகு எனக்குப் படுவது இது: பதிப்பெண் ஒரு சாட்சியம். எந்தச் சாட்சியத்துக்கும் யார் சொன்னது, எப்போதைய நிலையைச் சொன்னது என்ற இரண்டும் வேண்டும். இவை இல்லாத எண்ணைவிட எண்ணே இல்லாதது மேல். எண் இல்லையென்றால் தேடத் தொடங்குவோம். தவறான எண் இருந்தால் தேடாமல் நம்பிவிடுவோம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை. இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், கர்ல் என்று பரவலாகப் புழங்கும் லைப்ரரிகள் எல்லாம் தலைப்புக் கோப்பில் ஒரு மாறிலியும் லைப்ரரிக்குள் ஒரு செயற்கூறும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. இரண்டையும் கேட்டு, பெயர் எழுதி, ஒரே வரியில் அச்சிட்டால் போதும்.

பிழைப் புகார் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணை மட்டும் நகலெடுத்து அனுப்பாதீர்கள். எந்தக் கட்டளையைத் தட்டினீர்கள், எந்தக் கணினியில், அந்தச் சேவையைக் கடைசியாக எப்போது மறுதொடக்கம் செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் மென்பொருளுக்குப் பதிப்பு வரி எழுத உட்காரும்போது, எஃப்எஃப்எம்பெக்கின் அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு இடம் விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் அது பயன்படும். அந்த ஒரு முறை, யாரோ ஒருவர் இரவு தூங்கப் போகலாம்.